நிலத்தில் வைக்காத கால்

விண்வெளியைப் பற்றி எதைப் படிப்பித்தாலும் பிள்ளைகள் கடைசியில் கேட்பது ஒரே கேள்வியைத்தான். ஈர்ப்பு விசையைச் சொல்லலாம், சுற்றுப்பாதையைச் சொல்லலாம், கரும்பலகை நிறைய வட்டம் வட்டமாகக் கீறலாம். எல்லாம் முடிந்து மணி அடிக்கப் போகும் நேரத்தில் கடைசி வாங்கிலிருந்து ஒரு கை எழும்பும்.

"சேர், விண்வெளிக்குப் போனவை கக்கூசுக்கு எப்பிடிப் போறவை?"

இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வதற்கென்றே நான் தேடித் தேடி வாசித்தேன். பிறகு வருடத்தில் ஒரு பாடவேளையை அதற்கே ஒதுக்கிவிட்டேன். அங்கே எதுவும் கீழே விழாது. வியர்வை வழியாது, தோலிலேயே திரண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். மலத்தைக் காற்றால் உறிஞ்சி எடுக்க வேண்டும். கழித்த சலத்தைச் சுத்திகரித்துத் திரும்பக் குடிக்கிறார்கள். நடக்காத பாதத்தின் தடித்த தோல் உரியும். காலுறையைக் கவனமில்லாமல் கழற்றினால் அது செதில் செதிலாக எல்லோருடைய மூக்குக்கு முன்னாலும் மிதக்கும். நீரெல்லாம் மேலேறி முகம் ஊதும், கால் மெலியும். எல்லாவற்றிலும் மோசம் எலும்பு. சுமக்க ஒன்றுமில்லாத எலும்பு கரையத் தொடங்கிவிடும். கரைந்தது சலத்தோடு போகும். போகிற வழியில் கல்லாகக் கட்டவும் கூடும். அதைத் தடுக்கத்தான் அவர்கள் இறப்பர் வார்களால் தங்களை ஓடுபொறியோடு இழுத்துக் கட்டிக்கொண்டு நாள்தோறும் ஓடுகிறார்கள்.

ஒவ்வொரு வரிக்கும் வகுப்பு "சீ" என்றும் "ஐயே" என்றும் கத்தும். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். அருவருப்பு இன்னொருவனுடையதாக இருக்கும்வரை அதைப்போல நல்ல பகிடி கிடையாது.

வீட்டில்தான் இந்தப் பகிடி எடுபடவில்லை. என் மனைவி மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு, பூமிக்குத் திரும்பி வந்தவர்கள் எழுந்து நிற்க முடியாமல் தலை சுற்றிச் சத்தி எடுப்பதையெல்லாம் விபரமாகச் சொல்லுவேன். அவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.

"சமையல் நேரத்தில உந்த ஊத்தைக் கதையை விடுங்கோ" என்பாள்.

மன்னாரில் வீதி கழுதைகளுக்குச் சொந்தம். நாங்கள் இடையில் போய்வருகிறவர்கள். ஒரு நாள் பின்னேர வகுப்பு முடித்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். சோளகக் காற்று மணலை அள்ளிக் கண்ணில் எறிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுத் திறந்தால் முன்னால் ஒரு கழுதையின் பின்பக்கம். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் வீதியில் கிடந்ததும் அது சற்றுத் தள்ளி நின்று என்னைப் பார்த்ததும்தான். என் வலது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. கழுதைக்கு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு முறை வரும்வரை காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டார்கள். மல்லாக்கக் கிடக்க வேண்டும், திரும்பக்கூடாது. முதல் இரண்டு நாளும் நான் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சமாளித்தேன். பிறகு வயிறு தன் வேலையைக் காட்டியது.

முதல்தரம் பெட்பான் வைத்த அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. மனைவி ஒரு கையால் என் இடுப்பைத் தூக்கி மறு கையால் அந்தக் குளிர்ந்த சட்டியைத் தள்ளினாள். கட்டிலைச் சுற்றி இழுத்த திரை பாதியில் சிக்கிக்கொண்டது. பக்கத்துக் கட்டில்காரர் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், மரியாதைக்கு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு தொடர்ந்து சாப்பிட்டார். நாற்றம் திரைக்குக் கட்டுப்படுமா? நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் துடைத்தாள். ஊருக்கே சேர், அரசாங்கக் கந்தோருக்குப் போனால் கதிரை தருவார்கள், இங்கே ஒரு கைக்குழந்தையைப் போலக் காலை அகட்டிக்கொண்டு கிடக்கிறேன். விண்வெளியில் அதற்கென்று ஒரு பொறி இருக்கிறது. எனக்கு இருந்தது என் மனைவியின் கை. எனக்கு என் உடம்பைக் கழற்றி எறிய வேண்டும்போல இருந்தது.

சத்திரசிகிச்சை நடந்தது. எலும்புக்குள் கம்பி ஏற்றினார்கள். சில நாளில் டொக்டர், அது ஒரு இளம் பெண்பிள்ளை, கட்டிலடிக்கு வந்தார்.

"சேர், இண்டைக்கு எழும்பி நிப்பம். ஊன்றுகோலைப் பிடிச்சுக்கொண்டு வலது காலை மெல்ல நிலத்தில வையுங்கோ."

நான் சந்தோஷத்தோடு எழுந்து இருந்து காலைத் தொங்கவிட்டேன். பாதம் நிலத்தில் படப்போகிற நேரம், மனைவி திடீரெனக் குனிந்து அதை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள்.

"வையாதேங்கோ!"

டொக்டர் பயந்துபோனார். "என்னம்மா, நோகுதாமோ?"

"இல்லை டொக்டர். நேத்தி வைச்சிருக்கிறன். எங்கட கோயில் திருநாளண்டைக்கு மாதாவின்ர சுருவத்துக்கு முன்னாலதான் இந்தக் கால் முதல்முதல் நிலத்தில படவேணும்."

திருநாளுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. டொக்டர் என்னைப் பார்த்தார், நான் மனைவியைப் பார்த்தேன், மனைவி காலைப் பார்த்தாள்.

"நேத்தி உங்கட" என்றார் டொக்டர். "கால் அவரின்ர. பாரம் குடுக்காட்டி எலும்பு தேறாது."

நான் திருநாளுக்கும் பாஸ்காவுக்கும் மட்டும் கோயில் வாசலை மிதிக்கிற ஆள். வேறு யார் சொல்லியிருந்தாலும் காலை உதறிக்கொண்டு நிலத்தில் வைத்திருப்பேன். ஆனால் என் பாதத்தைப் பிடித்திருந்த அந்தக் கைகள்தான் அன்று காலையும் என்னைக் கழுவிவிட்டவை. அந்தக் கைகள் வைத்த நேர்த்தியை எந்த வாயால் வேண்டாம் என்பது? ஒன்று மட்டும் கேட்டேன்.

"என்ன கேட்டு நேர்ந்தனீர்?"

"கேட்டதைச் சொல்லக்கூடாது."

என் கால் சுகமாக வேண்டும் என்றுதான் நேர்ந்திருப்பாள் என்று நினைத்தேன். சுகமாக வேண்டிய காலைச் சுகமாகவிடாமல் செய்கிற நேர்த்தி! அந்த எரிச்சலோடுதான் வாடகை வானில் வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் முன் அறையில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டார்கள். ஜன்னலுக்குள் கரையோரத்து மின்சாரக் காற்றாடி ஒன்று தெரிந்தது, அதுவும் முழுதாக இல்லை, மேலே வந்து போகிற ஒவ்வொரு இறக்கை மட்டும். அதுதான் என் வானம். மெத்தைக்கு மேல் இறப்பர் சீலை, அதற்கு மேல் வேட்டி. வேட்டி எந்நேரமும் முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஓலைத்தொடுவாய்ப் பக்கத்திலிருந்து காற்றோடு வரும் கருவாட்டு மணத்தை நான் முன்பு நாற்றம் என்று சொல்லியிருக்கிறேன். என் அறையோடு ஒப்பிட்டால் அது அத்தர்.

பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் பெட்டியோடு வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது முகம் சாதாரணமாக இருக்கும். அறைக்குள் கால் வைத்ததும் மூக்கு ஒரு தரம் சுருங்கும். பிறகு கைலேஞ்சியை எடுத்து, வராத வியர்வையைத் துடைப்பதுபோல அதை வாயருகிலேயே வைத்துக்கொண்டு கதைப்பார்கள். "பட்ட காலிலதான் படும் சேர்" என்றார் ஒருவர். பிறந்ததிலிருந்து ஒன்றுமே படாத காலுக்கு இந்தப் பழமொழி எப்படிப் பொருந்தும் என்று நான் கேட்கவில்லை. போகும்போது எல்லோரும் மறக்காமல் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"அசையாமக் கிடவுங்கோ. நேத்தி இருக்கெல்லோ."

ஊர் முழுக்க என் காலுக்குக் காவல். சாவு வீடோ கலியாண வீடோ, ஒருவனைத் தாங்கிப் பிடிப்பதில் எங்கள் ஆட்களுக்கு நிகர் இல்லை. விழுந்தவனை எழும்ப விடுவதுதான் அவர்களுக்குத் தெரியாது. பாசத்தில் அள்ளி வைத்துக்கொண்டு அவனை ஊறுகாய் ஆக்கிவிடுவார்கள்.

நான் வகுப்பில் சொன்ன ஒவ்வொன்றும் ஒழுங்காக என்னைத் தேடிவந்தது. தொடை சூம்பியது. பாதத்தின் தோல் தடித்தடியாக உரிந்து இறப்பர் சீலையில் கிடந்தது; மனைவி அதைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளினாள். நாள் முழுக்கப் படுக்கையிலேயே கிடந்ததில் கண்ணாடியில் தெரிந்த முகம் காலையில் ஊதிப்போன பணியாரம்போல இருந்தது. வாயில் எதுவும் உருசிக்கவில்லை, மிளகாயைக் கடித்தால்தான் நாக்கு இருப்பது தெரிந்தது. சலம் போகும்போது எரிவு வந்து, கத்திக்கொண்டு ஒரு சிறு கல்லையும் பெற்றெடுத்தேன். கால் சதம் கொடுக்காமல் விண்வெளிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ரொக்கெட்டும் இல்லை, பூமியை மேலிருந்து பார்க்கும் பாக்கியமும் இல்லை. அந்தப் பயணத்தின் ஊத்தை மட்டும் முழுதாக என் பங்குக்கு வந்தது.

மனைவியின் தம்பி கடலுக்குப் போகிறவன். என்னைத் தூக்கித் துடைக்க வருகிறவனும் அவன்தான். ஒரு நாள் என் காலைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அத்தான், கழுதை தேஞ்சு கட்டெறும்பானது எண்டுறது பொய். கழுதை ரோட்டில கொழுத்துப்போய் நிக்குது. தேஞ்சது உங்கட கால்தான்."

அன்று நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அவன் போனபின் அழுதேன்.

அன்று பின்னேரம் அவள் சட்டியோடு வந்தபோது, நெடுநாளாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"இஞ்சருமப்பா, உண்மையைச் சொல்லும். உமக்கு அருவருப்பா இல்லையோ?"

இல்லை என்பாள் என்று எதிர்பார்த்தேன். கட்டிய மனிசனுக்குச் செய்வதில் என்ன அருவருப்பு என்று எல்லாப் பெண்களும் சொல்வதைத்தான் அவளும் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சட்டியை ஒரு பழைய துணியால் மூடினாள்.

"இருக்கு. ஏன் இல்லாமல்? மூக்கில தைலத்தைப் பூசிக்கொண்டுதான் ஒவ்வொருக்காலும் உள்ளுக்க வாறன். முதல் கிழமை பூசாமல் வந்து, வெளியில போய்ச் சத்தி எடுத்தனான்."

அவளிடமிருந்து எப்போதும் வந்த தைல மணம் அவளுடைய தலையிடிக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த கிளினிக்குக்கு மச்சான் என்னைக் கதிரையோடு தூக்கி வாடகை வானில் ஏற்றினான். நிலத்தில் கால் படாமல், ஊர் பார்க்க, திருநாளில் சுமந்துபோகும் சுருவத்தைப்போலப் போனேன். டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். முகம் நல்லாயில்லை.

"சேர், எலும்பு ஒட்டுறது காணாது. இப்பிடியே கிடந்தால் பாரமெல்லாம் கம்பியிலதான் நிக்கும். கம்பி களைச்சு முறிஞ்சுதெண்டால் நீங்கள் கதிரையை விட்டு எழும்ப ஏலாது."

நின்றுகொண்டு படிப்பித்தே பழகியவன் நான். உட்கார்ந்திருக்கும் வாத்தியாரைக் கடைசி வாங்கு மதிக்காது. திரும்பிவரும் வழியில் மன்னார்ப் பாலத்தில் வான் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். திருநாளுக்கு இன்னும் நாள் இருந்தது. அவள் நேர்த்தியையும் உடைக்க முடியாது, காலையும் விட முடியாது. அப்போதுதான் என் மரமண்டைக்கு என் பாடமே ஞாபகம் வந்தது. அவர்களுக்கும் நிலம் இல்லைத்தானே? நிலம் இல்லாமல்தானே ஓடுகிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் மச்சானிடம் சொன்னேன். ஒரு பலகை வேண்டும், கட்டிலின் கால்மாட்டில் நிமிர்த்திக் கட்ட. நாலு பழைய சைக்கிள் ரியூப் வேண்டும். இடுப்புக்குச் சாக்கால் ஒரு பட்டி தைத்து, ரியூப்பால் அதைக் கால்மாட்டோடு இழுத்துக் கட்ட வேண்டும். ரியூப் என்னைப் பலகையை நோக்கி இழுக்கும், நான் பாதத்தால் பலகையை உதைத்துத் தாங்குவேன். படுத்தபடி நிற்பேன். டொக்டருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். முதலில் ரியூப் எவ்வளவு இறுக்கம் என்று துருவித் துருவிக் கேட்டார், பிறகு சிரித்தார், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார்.

மனைவி மட்டும் கட்டிலடியில் நின்று கேட்டாள்.

"பலகையும் நிலம்தானே?"

"அக்கா, வள்ளத்தில நிக்கேக்க நாங்கள் நிலத்திலயோ நிக்கிறம்?" என்றான் தம்பி. "நிலத்தில நிக்கிறமெண்டால் எதுக்கு என்ர மனிசி கரையில இருந்து செபமாலை சொல்லுறா? நான் வள்ளப் பலகையே கொண்டுவாறன். மாதாவுக்கு வள்ளம் தெரியும்."

கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்த அவளுக்கு அதை மறுக்க வழியில்லை. ஓம் என்றாள்.

அவன் கொண்டுவந்த பலகை ஏதோ பழைய வள்ளத்தின் அடியில் கிடந்தது. எத்தனையோ வருடத்து மீன் நிணமும் சேறும் அதில் ஊறியிருந்தன. கழுவக் கழுவ அது தன் நாற்றத்தைப் புதிதாக எடுத்துக் கொடுத்தது. என் நாற்றம் போதாதென்று இதுவும். காலை வைத்து உதைத்தால் விரலிடுக்கில் வழுவழுவென்று ஏதோ வரும். ரியூப் இடுப்பைத் தின்றது. வியர்வை முதுகுக்கு அடியில் குளமாகத் தேங்கியது. நான் வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன், கழுதையையும் விடவில்லை. நாளும் பொழுதும் உதைத்தேன். தொடையில் முதல்முதல் தசை துடித்தபோது, சொல்ல வெட்கமில்லை, அந்த நாறிய பலகையைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

மனைவி ஒவ்வொரு நாளும் ரியூப்பைக் கட்டிவிடுவாள், அவிழ்ப்பாள், முதுகைத் துடைப்பாள். தைல மணம் குறையவே இல்லை. இப்போது அது என்னவென்று தெரிந்ததால், அந்த மணம் வரும்போதெல்லாம் நான் சுருங்கிப் போவேன்.

திருநாள் வந்தது. பூசை முடிந்து சுருவம் தோளில் சுமக்கும் கூட்டில் ஏறி வெளியே வர, கோயில் முற்றத்து வெண்மணலில் என்னைக் கதிரையோடு இறக்கினார்கள். சனம் வட்டமாக நின்றது. என்னிடம் படித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். மனைவி புதுச் சேலை உடுத்திருந்தாள், திருநாளுக்கென்று வாங்கியது. என்னுடைய இரண்டு கையையும் பிடித்தாள்.

"வையுங்கோ" என்றாள்.

வைத்தேன். மணல் சுட்டது. கால் தாங்கியது. வலது கால், தேய்ந்த கால், உண்மையாகவே தாங்கியது. யாரோ "மரியே வாழ்க" என்று கத்தினார்கள், பாண்ட் வாத்தியம் தொடங்கியது. நான் நிமிர்ந்தேன். உடம்பிலிருந்த இரத்தம் முழுவதும் ஒரேயடியாகக் காலுக்கு இறங்கியது. கூடு சுற்றியது, கோயில் கோபுரம் சரிந்தது. விழாமல் அவளைக் கட்டிப்பிடித்தேன். பிறகு அன்று காலை குடித்த கஞ்சி முழுவதையும் அவளுடைய புதுச் சேலையில் சத்தி எடுத்தேன்.

பாண்ட் நின்றது. முன்வரிசை பின்னுக்குப் போனது. "சீ" என்று ஒரு குரல் கேட்டது. அந்தச் "சீ" எனக்கு நன்றாகப் பழக்கமான "சீ". மாதாவுக்கு முன்னால், ஊருக்கு முன்னால், அந்தப் புளித்த நாற்றத்துக்குள் நான் செத்துப்போக விரும்பினேன்.

அவள் விலகவில்லை. சேலைத் தலைப்பில் சுத்தமாக இருந்த மூலையைத் தேடிப் பிடித்து என் வாயைத் துடைத்தாள்.

"மேல போய் வந்தவைக்கும் இப்பிடித்தான் வருமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "தலையைக் கொஞ்சம் குனியுங்கோ. இப்ப மற்றக் காலை வையுங்கோ."

மற்றக் காலை வைத்தேன். பிறகு திரும்பவும் வலதை.

வீட்டுக்கு வந்து அவள் கிணற்றடியில் சேலையை அலசிக்கொண்டிருந்தாள். நான் ஊன்றுகோலோடு கதவுநிலையைப் பிடித்தபடி நின்றேன், நின்றேன் என்பதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு.

"நேத்தி முடிஞ்சுதுதானே. இனிச் சொல்லும். என்ர காலுக்குத்தானே நேர்ந்தனீர்?"

"உங்கட காலைப் பாக்க டொக்டர்மார் இருக்கினம்" என்றாள். சேலையைப் பிழிந்தாள். "நான் எனக்குத்தான் கேட்டனான். ஆஸ்பத்திரியில முதல்தரம் உங்களைத் துடைச்சுப்போட்டு வெளியில நிண்டு அழுதனான். தாயே, இந்த அருவருப்பை என்னட்ட இருந்து எடுத்துப்போடு, இவரை உன்ர காலடியிலதான் முதல் நடக்கப் பண்ணுவன் எண்டு நேர்ந்தனான்."

சேலையிலிருந்து வடிந்த தண்ணீர் என் பாதம்வரை ஓடிவந்து நனைத்தது.

"எடுத்தாவோ?" என்று கேட்டேன்.

அவள் சேலையை மூக்கருகில் கொண்டுபோய் மணந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, திரும்பவும் வாளிக்குள் போட்டாள்.

"இல்லை. அது அப்பிடியேதான் கிடக்கு. ஆனால் கை தன்ர பாட்டில போகுது."